ஒரு தப்புக்கு ஒரு அடி

— கதவைத் திற அக்கா.

— மாட்டேன். பாத்ரூம் கதவை உடைச்சாலும் சரி, ஹால் டிக்கெட் உன் கைக்கு வராது.

— சும்மா திற.

— இதோ பார், கிழிக்கப் போறேன். விளையாட்டுன்னு நினைச்சுக்காதே.

— கிழிச்சுக்க.

— என்னடா இது? பரீட்சைக்குக் கிளம்ப வேண்டிய நேரம், கிழிச்சுக்கங்கிறே? நேத்து வரைக்கும் யூனிவர்சிட்டியையே விலைக்கு வாங்கினவன் மாதிரி பேசினே!

— கெஞ்சிக் கேக்கறேன். திற அக்கா.

— அங்க என்ன விழுந்துச்சு? காதைப் பொத்திக்கிட்டுதான் உக்காந்திருந்தேன், அப்படியும் தடால்னு கேட்டுது.

— மேசை.

— கவுத்துட்டாரா அப்பா? விடிஞ்சதும் விடியாததுமா ஆரம்பிச்சாச்சா! உன்னை அடிச்சாரா?

— காதுல ஒண்ணு. விடு.

— எப்படி விடறது? அதுக்குத்தானே இந்தக் கூத்தெல்லாம். மாதிரித் தேர்வுல ஒரு தப்புக்கு ஒரு அடி, அதுவும் பெல்ட்டோட பக்கிள் பக்கமா. முதுகு பிஞ்சு சட்டையோட ஒட்டிக்கிச்சே, நான்தானே வெந்நீர் விட்டு உரிச்சேன். அப்புறம் திடீர்னு அடி நின்னுச்சு. ஏன்னு நினைக்கிறே?

— நீயே சொல்லு.

— உன் பேப்பரைத் திருத்தறது நான். அவருக்குக் கணக்கும் தெரியாது, கெமிஸ்ட்ரியும் தெரியாது. சிவப்பு டிக்கை எண்ணத்தான் தெரியும். தப்புக்கெல்லாம் டிக் போட்டேன்டா. முதல் தடவை ஒரே ஒரு தப்புக்குத்தான், அப்புறம் பழகிடுச்சு. ஆனா நீயும் தேறிட்டோம்னு நம்பிட்டே பாரு... அதை நான் யோசிக்கவே இல்ல. நல்லதுன்னு நினைச்சுதான் செஞ்சேன். நல்லதுதானான்னு இப்ப தெரியல.

— அக்கா...

— இரு, முழுசா சொல்லிடறேன். நீ எழுதினா ரிசல்ட் வரும். வந்தா உன்னைக் கொன்னுடுவார். பேச்சுக்குச் சொல்லல, நிஜமாவே கொன்னு போட்டுடுவார். நீ போகவே இல்லைன்னா, டிக்கெட்டைக் கிழிச்சது நான்தானே? அடியும் எனக்குத்தான். என் உடம்பு தாங்கும்.

— தாங்காது.

— தாங்கும்டா. திட்டணும்னா திட்டிக்க. என்ன, அழறியா?

— எனக்குத் தெரியும்கா.

— எது?

— டிக் விஷயம். பையனைப் பத்திப் பெருமை பேசலாம்னு நேத்து சாயங்காலம் அப்பா எல்லா பேப்பரையும் டியூஷன் சார்கிட்ட தூக்கிட்டுப் போயிருக்கார். புரட்டிப் பார்த்துட்டு சார் சிரிச்சுட்டாராம்.

— ஐயோ! அப்ப அப்பா எங்கடா? உன் பக்கத்துல நிக்கறாரா? சொல்லேன்டா!

— காலைல என்னைக் கேட்டார், நீ சொல்லித்தான் அவ போட்டாளான்னு. ஆமான்னேன். நம்பல. காதுல ஒண்ணு விட்டார். அப்புறம் பெல்ட்டை உருவிக்கிட்டு, டிக் போட்ட கையை இன்னிக்கு நசுக்கிடறேன்னு உன்னைத் தேடித்தான் கிளம்பினார்.

— வரட்டும். நீ தள்ளி நில்லு. நானே திறந்து பேசிக்கறேன்.

— இந்தக் கதவு வரைக்கும் அவர் வந்து சேரலக்கா. திற, கை கழுவணும்.