திமிங்கலத்துக்குச் சொந்தம் தேடிய அம்மையாருக்கு

குருதித் துளியில் குடிவழி கண்டவரே! குளம்பில் தொடங்கிக் கடல்வரை உறவுக் கோடு வரைந்தவரே! மரபணு ஆய்வகத்தின் மாசிலா மனசாட்சியே! தங்களுக்குப் பட்டங்கள் பல உண்டு என்றாலும், எங்கள் நாவில் நின்றது 'வெறுங்குழாய் அம்மா' என்னும் செல்லப்பெயரே. அதையே முதல் மாலையாகச் சூட்டி, இன்று பணி நிறைவு பெறும் தங்களை வணங்கி வாழ்த்துகிறோம்.

மாடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை எனக் குளம்புள்ள குலங்களுக்கெல்லாம் மரபணுவைக் கொண்டு குடும்ப மரம் வரைந்தீர்கள். அந்த மரத்தில் திமிங்கலத்துக்கு எந்தக் கிளை என்பதுதான் வழக்கு. எதிர்வாதியோ வேறு யாருமல்லர். நடைக்கூடத்தின் எதிர்ப்புறம் எலும்புப் பிரிவின் தலைவராக வீற்றிருக்கும் தங்கள் கணவர்! என்றோ அழிந்துபோன, இறைச்சி தின்ற குளம்பு விலங்கே திமிங்கலத்தின் மூதாதை என்று புதைபடிவப் பற்களைக் காட்டி வாதிட்டார் அவர். இன்றும் உயிரோடிருக்கும் இரட்டைக்குளம்பு இனங்களுக்குள்ளேயே அதன் நெருங்கிய சொந்தம் இருக்கிறது என்றீர்கள் தாங்கள். முடிவைச் சொல்லும் கட்டுரையில் இருவர் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்பது தங்கள் தீராத ஆசை.

அந்த ஆசை ஒருநாள் நிறைவேறப் பார்த்தது. முதல் ஆய்வில் திமிங்கலம் மாட்டோடு ஒட்டிப் பிறந்ததுபோல் வந்து அமர்ந்தது. ஆய்வகமே ஆர்ப்பரித்தது. எலும்புத் தலைவரும் தம் வாதத்திலிருந்து இறங்கிவந்து பேனா மூடியைத் திறந்துவிட்டார். எந்த உயிரின் மாதிரியும் இடாமல் ஒரு குழாயையும் மற்றவற்றோடு ஆய்வுக் கருவியில் சும்மா ஓடவிடுவது தங்கள் வழக்கம். அதில் ஏதேனும் தென்பட்டால் எங்கோ கலப்படம் என்று பொருள். கூச்சலுக்கு நடுவே அதை எடுத்துப் பார்த்தவர் தாங்கள் ஒருவரே.

"கையெழுத்துப் போடாதீங்க. வெறுங்குழாயிலயும் மாடு இருக்கு" என்றீர்கள்.

ஆய்வு தடைபடாதிருக்க ஊற்றிய புரதக் கரைசல் மாட்டு இரத்தத்திலிருந்து எடுத்தது. மாட்டின் மரபணுவும் அதோடு வந்து சேர்ந்திருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை! வேறு யாரேனும் என்றால் அந்தக் குழாயைச் சத்தமின்றிக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். தாங்களோ கட்டுரையையே நிறுத்தினீர்கள்.

கரைசலை மாற்றி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தீர்கள். மரபணுத் தொடரில் இடம்விட்டு இடம் தாவி ஒட்டிக்கொள்ளும் துணுக்குகள் சில, நீர்யானைக்கும் திமிங்கலத்துக்கும் மட்டும் அதே இடங்களில் இருந்தன. ஒரே மூதாதையிடமிருந்து வந்தாலன்றி அப்படி அமையாது. வெறுங்குழாயும் வெறுமையாகவே இருந்தது. ஆக, நீர்யானையே நெருங்கிய சொந்தம்! ஆனால் தலைவர் இப்போது சூடு கண்ட பூனை.

"போன தடவ மாடுன்ன, இப்ப நீர்யானைங்கற. எலும்பு சொல்லட்டும், அப்புறம் போடறேன்" என்று பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

கட்டுரை தங்கள் ஒருவர் பெயரோடு வெளிவந்தது. ஊரே பாராட்டிய அன்றும் தங்கள் முகம் வாடியிருந்ததை நாங்கள் அறிவோம். வீட்டுச் சமையலறையில் இந்த வழக்கு எப்படி நடந்தது என்பதை மட்டும் அறியோம்.

ஆண்டுகள் சில சென்றன. கால்களோடு திரிந்த ஆதித் திமிங்கலத்தின் கணுக்கால் எலும்பு கிடைத்த செய்தி வந்தது. தலைவர் அதன் வார்ப்பு நகலை வரவழைத்துப் பார்த்தார். இருமுனையும் கிணற்றுக் கப்பிபோல் உருண்ட எலும்பு. இரட்டைக்குளம்பு இனங்களுக்கே உரியது! அதைத் தங்கள் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து மேசைக்குக் கொண்டுவந்தார்.

"எலும்பு சொல்லிடுச்சும்மா. நீ சொன்னதுதான்."

அன்று தாங்கள் சிரித்த சிரிப்பு நடைக்கூடம் முழுதும் கேட்டது. ஆயினும் அச்சேறிவிட்ட கட்டுரையில் இனி யார் கையெழுத்துப் போடுவது? அந்த ஒரு குறை தங்களுக்கு எஞ்சி நின்றது.

அம்மையீர்! நோயற்ற உடலும் நொடிக்காத நகைப்பும் நெடுநாள் தங்களோடு நிலைக்கட்டும். வெறுங்குழாய் எங்கள் ஒவ்வோர் ஆய்விலும் ஓடும். அதற்கு நாங்கள் பொறுப்பு.

இம்மடலில் கையெழுத்து வாங்க எலும்புப் பிரிவுக்கும் போயிருந்தோம். முதல் அறையில் இருந்தவர் இதை இருமுறை படித்தார்.

"வெறுங்குழாயப் பாத்தாச்சா?" என்று கேட்டார்.

பார்த்தாயிற்று என்றோம். பேனாவைத் திறந்தார்.

இங்ஙனம்,
தங்கள் கணவர், எலும்புப் பிரிவு
அவருக்குக் கீழே, மரபணு ஆய்வகத்தார் அனைவரும்