செத்துப்போன அப்பாவுக்குக் கடைசி வரிசை

நோர்வேயில், மோர்டென்ஸ்ருட்டுக்குப் போகும் மெட்ரோவில் எனக்கு முன்னால் இரண்டு தமிழர்கள். மூத்தவர் லொறிச் சாரதிகளின் மஞ்சள் வேலைச்சட்டையில் இருந்தார்.

“என்னைச் சாகடிச்ச பிறகுதான் என்ரை மகளுக்குப் பேர் வந்தது,” என்றார் அவர்.

கைபேசியில் இருந்த என் கண் தானாக நிமிர்ந்தது. மற்றவர் பதறவேயில்லை.

“புதுப் பாட்டிலையோ அண்ணை?”

“ஓம். முதலிலை சேர்ச்சிலை பாடினவள். பிறகு கலியாண வீடுகளிலை சினிமாப் பாட்டு. பிறகு டென்மார்க் போற கப்பலிலை. ஒண்டும் சரிவரேல்லை. இப்ப தொப்பியும் பூட்ஸும் போட்டு, கிட்டாரோடை தானே எழுதிப் பாடுற அமெரிக்கக் கன்ட்ரிப் பாட்டு. அதிலை லொறி ஓடின அப்பா பனியிலை சறுக்கிச் செத்துப்போனாராம்.”

“நீங்கள் இருபது வருசமா ஒரு கீறலும் இல்லாமல் ஓடுறியள்!”

“அதைப் பாடினால் ஆர் அழப்போகினம் எண்டு கேக்கிறாள். பக்கத்து வீட்டு நோர்வேக்காரி பாட்டைக் கேட்டிட்டு, துக்கம் விசாரிக்கப் பூவோடை வந்தவ. கதவைத் திறந்தது நான்.”

“ஐயோ!”

“சனிக்கிழமை ஸ்ட்ரோம்மனிலை பாடுறாள். என்னையும் வரச்சொன்னவள். ஆனால் கடைசி வரிசையிலை, ஆரும் காணாமல் இருக்கோணுமாம்.”

“போவியளோ?”

“போகாமல்? போன முறை எல்லாரையும் விடக் கூட அழுதது நான்தான்.”