பத்து டிகிரியில் நின்ற மணி

தலைமையேற்று வீற்றிருக்கும் மருத்துவமனை நிர்வாகத் தலைவர் அவர்களே, முன்வரிசையை மூப்பாலும் முறுவலாலும் நிறைத்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் இருத்திக்கொண்டு என் பேச்சைப் பொறுத்துக்கொள்ள வந்திருக்கும் தாய்மார்களே, இந்த மாலை வகுப்பில் கணினி நிரல் எழுதப் பழகப்போகும் தோழர்களே, தோழியரே! குழந்தை மருத்துவனான என் நெஞ்சார்ந்த வணக்கம்.

நிரல்மொழி என்றதும் நெற்றி சுருங்குவது ஏன்? நீங்கள் கற்கப்போவது சின்னஞ்சிறு மொழி. வரிக்கு ஒரு கட்டளை. ஒரு பெயர், ஒரு சமக்குறி, ஒரு மதிப்பு. அவ்வளவே அடிப்படை இலக்கணம்! ஆனால் மதிப்புக்கு வகை உண்டு. கூட்டவும் கழிக்கவும் எண் உண்டு. மேற்கோள்குறிக்குள் அடங்கிய எழுத்துச்சரம் உண்டு. ஆம், இல்லை என்ற இரண்டே விடை உண்டு.

‘இதெல்லாம் எங்களுக்கு எதுக்குங்க?’ என்று அங்கே ஓர் அம்மா கேட்கிறார். நியாயமான கேள்வி தாயே, சொல்கிறேன்.

எங்கள் தடுப்பூசி அறையின் நர்ஸும், கணினி அறையில் பணியாற்றும் பெண்ணும் ஒரே வீட்டு மருமகள்கள். இளையவளை வீட்டில் ‘வாயாடி’ என்பார்கள். தடுப்பூசிப் பெட்டிக்குள் வெப்பம் எட்டு டிகிரியைத் தாண்டினால் மருந்து கெடும் என்பதால், அப்போது மணி அடிக்க ஒரு நிரல் எழுதியவள் அவள்தான். சோதித்தாள், ஒன்பதில் அடித்தது. எல்லோரும் கைதட்டினோம்.

ஒரு வெயில் நாளில், வாசலில் தாய்மார் காத்திருக்க, மணி அடித்தது. நர்ஸ் ஓடி வருவதற்குள் நின்றுவிட்டது. குளிர் திரும்பிவிட்டது என்றுதானே எவரும் நினைப்பார்கள்? அவர் நினைக்கவில்லை. மருந்துக்குப்பியைத் தொட்டார். வழக்கமான சில்லிப்பு இல்லை! பெட்டியின் முகப்பில் பதினான்கு டிகிரி.

“ஒரு ஊசிகூடப் போடாதீங்க டாக்டர்!” என்று கத்தினார். அந்தக் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது.

நிர்வாகத் தலைவர் வந்தார். “அந்த மணியக் கழட்டி எறிங்க. இனி ஆள் வச்சுப் பாத்துக்கலாம்” என்றார். சிரிக்கிறார் பாருங்கள், இவரேதான்!

வாயாடியோ அழுது அழுது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ்தான் அவள் தோளைத் தொட்டார். “அழறத அப்புறம் வச்சுக்கலாம். எங்க தப்புன்னு பாரு.”

“பாத்துடறேன்க்கா. கழட்டாதீங்க சார், சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க.”

வெப்பமானியை எடுத்துக் குளிர்நீரில் இட்டாள். எல்லோர் முன்னிலையிலும் வெந்நீரைச் சிறுகச் சிறுக ஊற்றினாள். எட்டு: அமைதி. ஒன்பது: மணி. பத்து: மீண்டும் அமைதி!

“அக்கா, கண்டுபிடிச்சுட்டேன்! வெப்பமானி அனுப்புறது எண் இல்ல, எழுத்து. நான் எட்டையும் எழுத்தாவே வச்சுட்டேன். எழுத்துன்னா இந்த நிரல்மொழி, முதல் எழுத்தத்தான் முதல்ல பாக்கும். பத்துல முதல்ல நிக்கிறது ஒண்ணு. ஒண்ணு எட்டுக்கு முன்னாடி வர்றதுதானே? அதனால பத்து சின்னதுன்னு முடிவு கட்டிடுச்சு!”

மொழியா பிழை செய்தது? இல்லை! எழுத்தாய்க் கொடுத்ததை எழுத்தாய்ப் படித்தது. எட்டைச் சூழ்ந்திருந்த மேற்கோள்குறிகளை அழித்தாள். வந்த அளவை எண்ணாக மாற்ற ஒரு சொல் சேர்த்தாள். மறுபடி வெந்நீர். பத்தில் அடித்தது, பதினான்கில் அடித்தது, நாற்பதிலும் நிற்காமல் அடித்தது! “போதும்மா, காது போகுது!” என்று தலைவரே கையெடுத்துக் கும்பிட்டார்.

கெட்ட மருந்தைக் கொட்டினோம். பழுதான பெட்டியை மாற்றினோம். ஆனால் வாசலில் நின்றவர்களுக்கு யார் பதில் சொல்வது? நான் சொல்கிறேன் என்றேன். அவள் விடவில்லை. தானே போய் நின்றாள்.

“நான் எழுதுனதுல தப்பு இருந்துச்சும்மா. சரி பண்ணிட்டேன். புது மருந்து வந்ததும் கூப்பிடுறோம், தயவுசெஞ்சு வாங்க.”

கைக்குழந்தையோடு நின்ற ஒரு தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “வர்றேன். ஆனா ஊசி போடும்போது நீயும் பக்கத்துல இருக்கணும்.”

இருந்தாள்! புது மருந்து வந்த அன்று, கடைசிக் குழந்தை வரை இருந்தாள்!

தோழர்களே, நீங்களும் பிழை செய்வீர்கள். செய்யுங்கள்! ஓடி ஒளியாதீர்கள். ஒன்பதில் கைதட்டு கிடைத்ததென்று ஓய்ந்துவிடாதீர்கள். பத்தையும் பாருங்கள், நூறையும் பாருங்கள்! இந்த வகுப்பின் ஆசிரியை, இதோ, கரும்பலகையருகே காத்திருக்கிறாள். வாயாடி! இனி உன் வாய்க்குத்தான் இங்கே வேலை.

பொறுமையோடு செவிமடுத்த உங்களுக்கும், நடுநடுவே அழுது என்னைத் திருத்திய மழலைகளுக்கும் நன்றி கூறி, மேடையை அவளிடம் ஒப்படைக்கிறேன். வணக்கம்!