முதலாவது தூரம் பார்க்க

"...ரெண்டாவதுதான் ஆளைப் பாக்கும்! எழும்பாதேங்கோ! வாயைத் திறவுங்கோ!"

மச்சாள் பிலோமினா கத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் பன்னிரண்டேகால். பூசை முடிந்து, மொன்றியல் நகருக்கு வெளியே ஒரு பழைய தோட்டத்துக்கு அப்பிள் பிடுங்க வந்த, நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதித் தமிழ் ஆட்கள் நாங்கள். ஏழு பேர் புல்லில் குப்புறக் கிடக்கிறோம்.

ஒரே ஒரு சத்தம். டும். ஷெல் கூவிவரும் சத்தம் இல்லை. விழுந்து வெடித்த சத்தமும் இல்லை. என் பல்லில் மண். இரண்டாவது எப்போது வரும் என்று வாயைத் திறந்தபடி எண்ணுகிறேன். வாய் மூடியிருந்தால் காது போய்விடும்.

இங்கே பிறந்த என் மகள் மட்டும் நிற்கிறாள்.

"அம்மா, எழும்புங்கோ. ஆக்கள் பாக்கினம்."

தோட்டக்காரர் ஓடி வருகிறார். பிரெஞ்சில் படபடவென்று கதைக்கிறார். மகள் தமிழில் சொல்கிறாள்.

"காகம் கலைக்கிற கேஸ் பீரங்கியாம். குண்டு இல்லையாம். ஆறு தலைமுறையா இவையின்ர தோட்டமாம். ஒருத்தரும் இப்பிடி விழுந்து படுத்ததில்லையாம்."

பக்கத்தில் கிடந்த சூசை அண்ணை முனகினார். "காகத்தோட சேத்து எங்களையும் எல்லோ கலைக்குது."

சிரித்தோம். எழும்பினோம். மச்சாள் எழும்பவில்லை. விரல்கள் புல்லைப் பிடித்தபடி. உதடு வெளிறியபடி.

எங்கள் கமம் நாலு தலைமுறை. கிளிநொச்சிப் பக்கம். பூட்டன் காடு வெட்டிய நிலம். அன்று மாசி மாதம். காலை ஏழரை. பதுங்குகுழிக்குள் ஐந்து பேர். முதல் ஷெல் கிணற்றடிக்கு அப்பால் விழுந்தது. முதலாவது தூரம் பார்க்க, இரண்டாவது ஆளைப் பார்க்க. இது எங்கள் சனத்தின் பேச்சு. மச்சாளின் புருஷனான என் அண்ணை அந்தோனிக்கும் அது தெரியும். ஆனால் மாடுகள் கட்டையில் நின்றன. கட்டின மாட்டை விட்டு ஓடுகிறவன் கமக்காரன் இல்லை. அதுவும் எங்கள் பேச்சுத்தான். அண்ணை வெளியே போனார். மச்சாள் தடுக்கவில்லை. இரண்டாவது வந்தது.

மறக்கக் கூடாது. எழுதி வைக்கிறேன். வயல் எட்டு ஏக்கர். தென்னை நாற்பத்தொன்று. மாடு ஆறு. அதில் இரண்டின் கயிறு அவிழ்ந்திருந்தது. அண்ணை ஒருவர்.

தோட்டக்காரர் மச்சாளின் தலைமாட்டில் வந்து நிற்கிறார். நெடிய மனிதர். தொப்பியைக் கழற்றுகிறார். மன்னிப்புக் கேட்கிறார். மகள் மச்சாளிடம் குனிந்து தமிழில் சொல்கிறாள்.

"மாமி, அது தானா இன்னொருக்கா வெடிக்குமாம். பயப்பிட வேண்டாமாம்."

மச்சாள் கேட்டார். ஓம் என்று தலையாட்டினார்.

டும்.

மச்சாள் பாய்ந்து எழும்பினார். அந்த மனிதரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். புல்லில் விழுத்தினார். அவருக்கு மேல் குப்புறப் படுத்தார்.