சாம்பல் குட்டி

இன்னொரு அடி அடிக்கணும்னா அடிச்சுக்கோடா தம்பி. ஏற்கெனவே மண்டை பொளந்து ரத்தம் கண்ணுக்குள்ள எறங்குது, இனிமே ஒண்ணு விழுந்தா என்ன, ஒம்பது விழுந்தா என்ன. இந்தக் கதவ விட்டு மட்டும் எந்திரிக்க மாட்டேன். உன் பொண்டாட்டியையும் பிள்ளையையும் வெட்டணும்னா, மொதல்ல அக்காவைத் தாண்டிப் போ.

கத்திய ஆட்டாத. அது நான் முயல் அறுக்கிற கத்தி, பதம் உனக்குத் தெரியாது. கூண்டையெல்லாம் ஒதைச்சு ஒடைச்சாச்சு. அந்தா பாரு, உன் காலடியில ரெண்டு நசுங்கிக் கிடக்கு. அதுங்க என்னடா துரோகம் பண்ணுச்சு உனக்கு?

பிள்ளையோட கண்ணா? நானும் பாத்தேன். பொறந்தப்ப எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும், போகப் போகக் கறுத்துடும்னாங்க. கறுக்கல. சாம்பல் பூத்த மாதிரி பூனைக்கண்ணு. உனக்குக் கருப்பு, அவளுக்கும் கருப்பு, இது எந்த ஊருச் சரக்குன்னு உன் பட்டறையில எவனோ கேட்டான், நாலு பேரு சிரிச்சானுங்க. சிரிச்சவன் பல்ல ஒடைக்கத் துப்பில்லாம, வீட்டுக்கு வந்து அவ பல்ல ஒடைச்ச. பெரிய வீரன்.

உக்காரு. சரி, நின்னுக்கிட்டே கேளு. அந்த மூலைக் கூண்டுல ஒரு ஜோடி இருந்துச்சுல்ல, ரெண்டும் அட்டக்கருப்பு? அது போட்ட குட்டியில ஒண்ணு சாம்பல். கூண்டுக்குப் பூட்டு, சாவி என் இடுப்புல. அந்தப் பொட்டை முயல் எந்தப் பக்கத்து வீட்டுக்காரனைப் பாத்துப் பல்லக் காட்டுச்சு? சொல்லேன்.

முயலுக்கு ஊசி போட வந்த டாக்டர்கிட்ட கேட்டேன். நிறத்துக்குன்னு ஒவ்வொரு உசுருக்கும் ரெண்டு விதைம்மா, அப்பன்கிட்டேருந்து ஒண்ணு, ஆத்தாகிட்டேருந்து ஒண்ணுன்னாரு. கருப்பு ஓங்கி நிக்கிற குணம். ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் அதுதான் மேல தெரியும். சாம்பல் ஒடுங்கி நிக்கிற குணம். கருப்புக்குப் பின்னாடி மூச்சுக் காட்டாம கிடக்கும், தலைமுறை தலைமுறையா கிடக்கும். ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிருக்கிறது ஒரே குட்டிக்கு வந்து சேந்துச்சுன்னா, அப்பத்தான் தலை காட்டும். புரியுதா? அவ பாதி குடுத்தா, நீ பாதி குடுத்த. அவ மட்டும் குடுத்து அந்தக் கண்ணு வந்திருக்கவே முடியாது. எதை வச்சு அவளை அடிச்சியோ, அதுல பாதி உன்னுது.

முயல் வேற மனுசன் வேறயா? நம்ம வம்சத்துல யாருக்குடா இருந்துச்சுன்னு கேக்குறியா?

எனக்கு அப்புறம், உனக்கு முன்னாடி, ஒரு தங்கச்சி பொறந்தா. காய்ச்சல்ல போயிட்டான்னு உனக்குச் சொல்லி வச்சது. காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவளுக்கும் இதே கண்ணு. அம்மாவுக்கு ஏன் ஒரு காது கேக்காதுன்னு என்னைக்காவது கேட்டிருக்கியா? அப்பா அறைஞ்சதுல செவிப்பறை கிழிஞ்சுபோச்சு. அவ சுருண்டு விழுந்ததும் மடியிலேருந்து பிள்ளையைப் பிடுங்கி, காலைப் பிடிச்சு, சுவத்துல. நான் கட்டிலுக்கடியில கிடந்தேன். சத்தம் இன்னும் காதுல இருக்கு. பெருசா ஒண்ணும் இல்லடா, தேங்காய் விழுந்த மாதிரிதான்.

அப்புறம் நீ பொறந்த. கருப்புக் கண்ணு. என் ரத்தம்னு உன்னைத் தோள்ல தூக்கி வச்சுத் தெருத்தெருவா காட்டினாரு அந்த மனுசன். உனக்குள்ளயும் அந்தச் சாம்பல் பதுங்கிக் கிடந்தது அவருக்குத் தெரியல. அது மட்டும் மேல வந்திருந்தா, உன்னையும் அந்தச் சுவத்துலதான் அடிச்சிருப்பாரு. நீ தப்பிச்சது உன் யோக்கியதையால இல்ல.

ஒண்ணு சொல்றேன், மனசுல வை. கண்ணு நிறம் யாரைக் கேட்டும் வர்றதில்ல, யாரும் மாத்தவும் முடியாது. கை அப்படி இல்ல. அப்பன் கை ஓங்குச்சு, அதனால என் கையும் ஓங்குதுன்னு எந்த விதை மேலயும் பழி போடாத. தானா ஓங்குற கைன்னு உலகத்துல எதுவும் இல்ல. நீதான் தூக்குற, நீதான் எறக்கணும். இப்பவே எறக்கலாம். யாரு தடுத்தா?

ம். கத்திய அங்கயே போடு. போடுடா. அழறதுன்னா அழு, பரவாயில்ல.

கதவையா? தொறந்து பாத்துக்கோ, தாப்பாள்கூடப் போடல. தீவன மூட்டைதான் இருக்கு. நீ கூண்டை ஒடைக்க ஆரம்பிச்சப்பவே பின்பக்கமா எல்லாரும் போயாச்சு, இந்நேரம் பஸ் ஊரத் தாண்டியிருக்கும். எங்கன்னு எனக்கும் தெரியாது, சொல்லிட்டுப் போகாதீங்கன்னு நான்தான் சொன்னேன். பேச்சுக் குடுத்து அவனை நிறுத்தி வைன்னு என்கிட்ட சொன்னா, வச்சேன்.

யாரு சொன்னதுன்னா? அம்மாதான்டா. பிள்ளையை மாரோட அணைச்சுத் தூக்கிட்டு, இந்தத் தடவை நான் விடமாட்டேன்னு சொல்லிட்டுப் போனா.