அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கட்டும்

இந்தக் கூட்டத்தை நடத்தும் தவரத்தினம் ஐயா அவர்களே! கணவரை இழந்த துயரத்திலும் என்னைப் பேச அழைத்த மதாம் ஜிஸ்லேன் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கட்சிக்காரர்களே! அந்தக் கட்சியைப் பிடிக்காவிட்டாலும் அந்த மனிதருக்காக வந்து பின்வரிசைகளை நிரப்பியிருக்கும் நம் லா ஷாப்பல் வட்டாரத்து மக்களே! எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் சாம்பவி. கலாவதி அக்காவின் மளிகைக் கடையில் வேலை செய்கிறேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை, அதனால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். என் குரல் எட்டாவிட்டால் கையை உயர்த்துங்கள், மறுபடி வாசிப்பேன். ஆனால் ஒரு வரியையும் விடமாட்டேன்.

வலதுசாரிக் கட்சியின் வட்டாரத் தலைவர், அஞ்சல் துறையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவர், புதுச்சேரியின் மைந்தர், பெருமதிப்புக்குரிய முசியே சூசைநாதன் சென்ற சனிக்கிழமை நம்மை விட்டுப் போனார். ஜனாதிபதித் தேர்தலின் முதற்சுற்று முடிந்து ஆறாம் நாள். இரண்டாம் சுற்று நாளை.

அவருடைய கருத்துகள் என்ன? உங்களுக்குத் தெரியாதா! மெத்ரோ வாசலில் மடக்கு மேசை போட்டு அவர் சொல்லாத நாளுண்டா? சட்டம் என்றால் சட்டம் என்றார். அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டவர் திரும்பிப் போகவேண்டும் என்றார். வரியைக் குறை, பொலிசைக் கூட்டு என்றார். யாராவது "நீயும் வந்தவன்தானே" என்று கேட்டால், "நீஸ் நகரம் பிரான்ஸோட சேர்றதுக்கு முன்னாடியே பாண்டிச்சேரி பிரான்ஸ்தான், போய்ப் படி" என்றார். தமிழ்க் கடைகளின் நடுவே நின்றுகொண்டு இதையெல்லாம் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

நான் அவற்றில் ஒன்றையும் ஏற்கவில்லை. அவர் இறந்துவிட்டார் என்பதற்காக இன்று ஏற்கப்போவதும் இல்லை. என் அப்பா பதினொரு ஆண்டுகள் விசாவுக்காகக் காத்திருந்தவர். மூன்று முறை மறுக்கப்பட்டவர்.

முசியே சூசைநாதன் முதன்முதலாகத் துண்டுப்பிரசுரத்தை நீட்டியபோது நான் கடை வாசலில் வெங்காய மூட்டை பிரித்துக்கொண்டிருந்தேன். வாங்கினேன், வாசித்தேன், நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"வேண்டாம் ஐயா. நீங்கள் சொல்லுற சட்டம் அப்ப இருந்திருந்தால் என்ரை அப்பாவைத் திருப்பி அனுப்பியிருப்பினம்."

அவர் கோபிக்கவில்லை. "சரி. லிஸ்ட்ல உன் பேரு இருக்கா?" என்று கேட்டார்.

"என்ன லிஸ்ட்?"

"வாக்காளர் லிஸ்ட்டு. பதினெட்டு ஆச்சுல்ல? என்னைத் திட்டணும்னா அங்க வந்து திட்டும்மா. இங்க திட்டினா எனக்கு மட்டும்தான் கேக்கும்."

உள்ளே இருந்து கலாவதி அக்கா சிரித்தார். "முசியே, இவள் ஆக்கள் விலை கேட்டாலே வாய் திறக்காதவள். உங்களோடை மட்டும் எப்பிடிச் சண்டை பிடிக்கிறாள் எண்டு பாருங்கோ!"

இப்படி எட்டு மாதம். அவர் தருவார். நான் மடித்துக் கொடுப்பேன்.

அன்பானவர்களே, பூரணி அன்ரியை உங்களில் பலருக்குத் தெரியும். உணவகச் சமையலறையில் வேலை. குடியுரிமை கிடைத்து ஆறு ஆண்டுகள், ஒருமுறையும் வாக்களித்ததில்லை. அவரை மாநகரசபை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனவர் யார்? கொட்டும் மழையில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றவர் யார்? அன்ரி அங்கேயே சொல்லிவிட்டார்: "முசியே, சொல்லிப்போட்டன், உங்கட ஆளுக்கு மட்டும் போடமாட்டன்."

"தெரியும்மா. இங்க கையெழுத்துப் போடு."

தனக்கு எதிராக விழப்போகும் வாக்குக்காக மழையில் நிற்கும் ஒரு கட்சித் தலைவரை நீங்கள் வேறெங்காவது கண்டிருக்கிறீர்களா?

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவர் கடைக்குள் வந்தார். அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேரப் போவதாகச் சொன்னார். இரண்டு சுற்றுக்கும் தனக்குப் பதிலாக வாக்களிக்கும் பொறுப்பை, புரொக்யூரசியோனை, என் பெயருக்கு எழுதப்போவதாகச் சொன்னார்.

"எனக்கோ? உங்கட கட்சியிலை ஆக்கள் இல்லையோ?"

"அவங்க கட்சி சொல்றதைப் போடுவாங்க. என் பையன் லூடோவிக் அவனுக்குப் பிடிச்சதைப் போடுவான். நீ நான் சொல்றதைப் போடுவ."

"எப்பிடித் தெரியும்?"

"எட்டு மாசமா என் நோட்டீஸை ஒரு தடவைகூட நீ கசக்கினதில்ல."

முதற்சுற்று நாளில், பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு வந்த நான் இரண்டு பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்தேன். காலையில் நான் குடியிருக்கும் லா கூர்னெவில், அவர் கேட்டபின் பெயர் பதிந்த இடத்தில், என் வாக்கு. பிறகு ரயிலேறி வந்து மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ பக்கத்தில் அவருடைய வாக்கு. மறைப்புக்குள் நின்று, நான் ஒருநாளும் தொடமாட்டேன் என்றிருந்த, அவருடைய வேட்பாளரின் பெயர்த்தாளை எடுத்து உறைக்குள் வைத்தேன். அவர் யார் பக்கம் என்பதை ஊருக்கே சொன்னவர், ஆகவே இதில் இரகசியம் இல்லை. பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே இருந்த இரண்டு கட்டங்களில் முதற்சுற்றுக்கானதில் கையெழுத்திட்டேன்.

அவருடைய வேட்பாளர் இரண்டாம் சுற்றுக்குப் போகும் இருவருக்குள் வராமல் தோற்றார். மறுநாள் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். இரண்டாம் சுற்றைப் பற்றிப் பேசினோம்.

என்ன பேசினோம்? இதைத்தானே எல்லோரும் கேட்கிறீர்கள்!

வியாழக்கிழமை, அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் முசியே ழான்-லூக் என்னை நிறுத்தினார். அவரும் புதுச்சேரிக்காரர், கட்சியின் துணைத் தலைவர். இதோ முன்வரிசையில் இருக்கிறார், மறுத்தால் மறுக்கட்டும். "லிஸ்ட்ல அவர் பேரை இன்னும் அடிச்சிருக்க மாட்டாங்க. ரெண்டு சுற்றுக்கும் உனக்கு அதிகாரம் இருக்கு. போய்ப் போட்டுடு, யாருக்குத் தெரியப்போகுது? யாருக்குப் போடணும்னு நான் சொல்றேன்."

அன்று பின்னேரமே என் பெரியம்மாவின் மகன் உதயன் அண்ணை கடைக்கு வந்தார். அவர் மற்றப் பக்கத்துக்கு வேலை செய்பவர். "அந்தாளின்ரை வோட்டை எங்கட பக்கம் போட்டு விடு. மனுசன் சவப்பெட்டிக்குள்ளை திரும்பிப் படுக்கட்டும்!"

முசியே ழான்-லூக் அவர்களே! உதயன் அண்ணை! நீங்கள் ஆண்டுக்கணக்காக ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது கிடையாது. ஆனால் செத்தவரின் வாக்கைத் திருடுவதில் மட்டும் எப்படி இவ்வளவு ஒற்றுமை?

இன்று மேடையேறியவர்களும் சும்மா விடவில்லை. "அவர் இருந்திருந்தால் நாளை இன்னாருக்குத்தான் போட்டிருப்பார்" என்றார் ஒருவர். "இல்லை, கடைசியில் மனம் மாறிவிட்டார்" என்றார் இன்னொருவர். நேற்று நள்ளிரவோடு பிரச்சாரம் முடிந்துவிட்டது. இன்று உயிரோடிருக்கும் வேட்பாளரே வாய் திறக்கக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். சட்டம் என்றால் சட்டம் என்று வாழ்ந்தவரை, இறந்த பிறகு நீங்கள் பிரச்சாரத்துக்கு அனுப்புகிறீர்களா?

அவர் என்னிடம் சொன்னாரா? சொல்ல மாட்டேன். சொல்லவில்லையா? அதையும் சொல்ல மாட்டேன். மதாம் ஜிஸ்லேன் என்னிடம் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். மேசையில் வைத்து அவர் சொன்னது ஊருக்குச் சொன்னது. கட்டிலில் படுத்தபடி பேசியது என்னை நம்பிப் பேசியது.

மாநகரசபைக்குத் தொலைபேசியில் கேட்டேன். கொடுத்தவர் இறந்தால் புரொக்யூரசியோனும் அதோடு முடிந்தது என்றார்கள். ஆகவே நாளை காலை லா கூர்னெவில் என் வாக்கைப் போடுவேன். பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருவேன். வாக்களிக்க அல்ல. மதாம் ஜிஸ்லேன் தந்த மரணச் சான்றிதழின் பிரதி இதோ என் கையில் இருக்கிறது. அதை அதிகாரியின் மேசையில் வைத்து, இந்தக் கட்டத்தில் இனி யாரும் கையெழுத்திடக் கூடாது என்று சொல்லுவேன். என் வாயிலிருந்து என்ன சத்தம் வருமோ தெரியாது. ஆனால் சொல்லுவேன்.

முசியே சூசைநாதன் அவர்களே! உங்கள் கட்சியில் நான் சேரமாட்டேன். உங்கள் பிரசுரம் ஒன்றைக்கூட விநியோகிக்க மாட்டேன். உங்கள் மடக்கு மேசை கலாவதி அக்காவின் களஞ்சிய அறையில் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அதை மெத்ரோ வாசலில் விரிப்பேன். அதன்மேல் எந்தக் கட்சித் தாளும் இருக்காது. வருபவரிடம் உங்கள் கேள்வியைக் கேட்பேன்: லிஸ்ட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா? உங்களைத் திட்டிக்கொண்டே வருபவரிடமும் கேட்பேன். என்னைத் திட்டுபவரிடமும் கேட்பேன்.

லா ஷாப்பல் மக்களே! நாளை எட்டு மணிக்குக் கதவு திறக்கும். அந்தப் பட்டியலில் அவருடைய கட்டம் வெறுமையாக இருக்கும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் கட்டம் ஏன் வெறுமையாக இருக்கவேண்டும்? நீங்கள் இன்னும் சாகவில்லையே!