பின் சீட்டு

— இது ஒல்லி வண்டி, வாத்தியாரே. நூத்திமுப்பது கிலோதான். பாறை, சேறு எதுல விட்டாலும் ஆடு மாதிரி ஏறும். ஆனா பின் சீட்டைப் பாருங்க.

— சீட்டா அண்ணே இது? பலகை.

— அதான் விஷயம். ஒரு ஆளுக்குன்னு செஞ்சது. லைட்டு, கண்ணாடி, நம்பர் பிளேட்டு மாட்டி ரோட்டுக்கு விட்டிருக்கான், அவ்வளவுதான்.

— அப்ப அந்தப் பெரிய வண்டி?

— அதுல தங்கச்சி சாஞ்சுக்கிட்டே வரலாம். தார் ரோட்டுல உடம்பு அலுங்காது. ஆனா இருநூறு கிலோ. சரிவுல சாஞ்சுதுன்னா நீங்க ஒத்தையாத் தூக்க முடியாது.

— தார் ரோடு அறுபது கிலோமீட்டர். மண்சரிவு விழுந்த இடம் ஒன்பதுதான்.

— அந்த ஒன்பதுதான் விஷயம். ஜீப்பு வராதா?

— பாதி ரோடு ஆத்துக்குள்ள போயிடுச்சு அண்ணே. ஆள் நடக்குற அகலம்தான் மிச்சம். என் சம்சாரம் இவளுக்கு வாரம் ரெண்டு தரம் டயாலிசிஸ். என் பழைய வண்டியிலதான் கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன், அது உடையிற வரைக்கும். இன்னைக்கு ஊர்க்காரங்க கட்டில்ல வச்சுத் தூக்கிக் கொண்டுவந்து விட்டாங்க.

— எத்தனை தரம் விழுந்தீங்க?

— ரெண்டு.

— நாலுங்க.

— நீ ஏன் எந்திரிச்சு வர்றே? அந்த ஸ்டூல்லயே உக்காரு.

— தங்கச்சி, போறப்ப பின்னாடி கம்பியைப் பிடிச்சுக்குவீங்கல்ல?

— வலது கையால பிடிப்பேன் அண்ணே. இடது கையிலதான் ஊசி குத்துறது. அழுத்தம் படக்கூடாது.

— திரும்பி வர்றப்ப?

— அப்ப எந்தக் கையிலயும் தெம்பு இருக்காது. சால்வையால என்னைத் தன் இடுப்போட சேத்துக் கட்டிக்குவார். விழுந்தா ரெண்டு பேரும் சேந்தே விழுவோம்.

— வாத்தியாரே, கீழயே ஒரு ரூம் பாத்துக்கக் கூடாதா?

— மாற்றல் கேட்டு மூணு தரம் எழுதிட்டேன். அந்த மலைப் பள்ளிக்கூடத்துக்கு எனக்குப் பதிலா ஆள் வந்தாத்தான் விடுவாங்களாம். அந்த வழியில எந்த வாத்தியார் வருவார்? சரி, அதை விடுங்க. இந்த ஒல்லி வண்டியிலயே மெத்தை வச்சா?

— வைக்கலாம். ரெண்டு பேர் உக்காந்தா பின்பக்கம் அமுங்கி, ஏத்தத்துல முன்சக்கரம் தூக்கும். சீட்டு உயரமும் முப்பத்தாறு இஞ்ச். நிறுத்தினா உங்க கால் தரையில ஊனாது.

— சரி, பெருசுக்கு அந்தப் பல்லு பல்லா இருக்கிற கட்டை டயர் மாட்டினா?

— சேத்துல பிடிக்கும். மழைபேஞ்ச தார்ல வழுக்கும். உங்களுக்கு ரெண்டும் ஒரே நாள்ல வருதே.

— அப்ப எதுவுமே ஆகாதுங்கிறீங்க.

— நான் பழைய வண்டி விக்கிறவன். ஆகும்னு சொல்லி உங்க தலையில கட்ட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மனசு வரலை.

— நடுவுல ஏதாவது இருக்கும் அண்ணே. இன்னொரு தரம் உள்ள போய்ப் பாருங்க. நாளைக்கு இவ முறை, அதுக்குள்ள வேணும். போன வாரம் ரெண்டு தரமும் தவறிப்போச்சு. அவ காலைப் பாருங்க, செருப்பு நுழையலை.

— அண்ணே, அந்த ஒல்லி வண்டியையே குடுத்துடுங்க.

— உளறாதே. அதுல உன்னை எங்க உக்காரவைக்கிறது?

— நானே டாக்டருக்குப் போன் பண்ணி டயாலிசிஸ் லிஸ்ட்ல இருந்து என் பேரை எடுக்கச் சொல்லி நாலு நாளாச்சுங்க. இனி நீங்க ஒருத்தர் போய்வர்றதுக்கு மட்டும் பாருங்க.